கேள்வி மிஸ் ஜீவராணியும் நானூற்றுப் பதினேழாம் வீடும்

ஜீவராணிக்கு நாற்பத்து மூன்று வயது. பதுளையில் என் வீட்டின் பின்னறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவளுடைய தொழில். பசறைக்கு அப்பால் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஜீவராணி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கேள்வி மிஸ் என்றால், தொழிலாளர் வரிசை வீடுகளான எந்த லயத்திலும் கையைக் காட்டி வழி சொல்வார்கள்.

கேள்விகள் கொழும்பிலிருந்து வரும். அங்கே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆசிய–பசிபிக் வட்டாரத்தில் ஏழு நாடுகளில் ஒரே கேள்விக்கொத்தைக் கொடுத்து, ஏழை வீடுகளுக்கு வங்கிக் கணக்கும் கைபேசியில் பணமும் வந்தால் அவர்கள் உழைப்பும் வருமானமும் கூடுகிறதா, நிதிச் சந்தை ஆடும்போது அந்த வீடுகள் என்ன ஆகின்றன என்று பார்க்கிறார்கள். ஒருமுறை பார்த்த வீட்டையே இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார்கள். அதைச் சுற்று என்பார்கள். ஊவா மாகாணத்தின் தோட்டப்பகுதிக்கு அறுபது வீடுகள். அறுபதும் ஜீவராணியின் பொறுப்பு.

பன்னிரண்டு வருடமாக அந்த நிலையத்தின் ஏதாவது ஓர் ஆய்வில் அவள் இருக்கிறாள். எல்லாமே ஒப்பந்த வேலை. ஆறு மாதம் வேலை, அப்புறம் நாலைந்து மாதம் சும்மா, பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. சும்மா இருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஓய்வுக்குச் சேரும் சேமலாப நிதி கிடையாது. வீட்டுக் கடன் கேட்கப் போனால் வங்கியில் நியமனக் கடிதம் கேட்பார்கள். 2024 தொடக்கத்தில், மூன்றாம் சுற்று முடிந்ததும் ஊவாவுக்கு ஒரு நிரந்தரக் கள மேற்பார்வையாளரை எடுக்கப்போவதாகவும், அந்த இடம் அவளுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று வந்து என்னிடம் ஒரே வசனத்தில் சொன்னாள்.

"கடிதம் தரப் போறாங்க, பெரியம்மா."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் பின்னறைக்கு ஒரு அலுமாரி வாங்கினாள். அதுவரை உடுப்பெல்லாம் பெட்டியில்தான் இருந்தது.

அவள் பிறந்தது நமுனுகுலைப் பக்கத்தில் ஒரு லயத்தில். அப்பா அவளுக்கு ஒன்பது வயதில் இறந்தார். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகள் குறைந்து பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. லொறி ஓட்டிய ஒருவரைக் கல்யாணம் செய்தாள். நாலாம் வருடம் அவர் கொழும்புக்கு லோட் ஏற்றிக்கொண்டு போனார். லொறியை முதலாளி போய்க் கொண்டுவந்தார். ஆள் திரும்பவில்லை. தேடினாயா என்று ஒருமுறை கேட்டேன். "நல்லாத்தான் இருக்காராம்" என்றாள். பிள்ளைகள் இல்லை. அம்மாவும் போய்விட்டார். இதற்கு மேல் அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். பதில் வரும்வரை மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். தலையாட்டக் கூடாது, ஐயோ என்று சொல்லக் கூடாது, சிரிக்கவும் கூடாது. நாம் முகம் மாறினால் அவர்கள் பதிலும் மாறும் என்பது அந்தப் பயிற்சி. பன்னிரண்டு வருடம் கடைப்பிடித்தபின் ஜீவராணிக்கு வீட்டிலும் முகம் மாறுவதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சரி, பக்கத்து வீட்டில் இழவு என்றாலும் சரி, ஒரே பார்வைதான்.

ஏழு நாட்டுக்கும் ஒரே கேள்விகள் என்பதால் சில கேள்விகள் லயத்தில் பெரிய வேடிக்கையாகிவிடும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். இராமையா என்ற கிழவரிடம் ஜீவராணி வாசித்தாள்.

"கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் குடும்பத்தில் எவரேனும் பங்குச் சந்தையில் முதலீடு செய்திருக்கிறீர்களா?"

"எங்களுக்குப் பசறைச் சந்தைதான் தெரியும் மிஸ். அங்கயும் போன மாசம் போகல."

"ஆம் அல்லது இல்லை?"

"ஆமான்னு போடுங்க. என்னதான் நடக்குதுன்னு பாப்போம்."

லயமே சிரித்தது. ஜீவராணி பத்து எண்ணினாள். பிறகு, "இல்லைன்னு போடவா ஐயா?" என்றாள்.

"போடுங்க, போடுங்க. மூணு வருசம் கழிச்சு வந்து இதையேதான் கேக்கப் போறீங்க."

மூன்றாம் சுற்று 2024 ஆகஸ்டில் தொடங்கியது. காலை ஐந்தரை பஸ்ஸில் போவாள், மாலை ஐந்து மணிக்குத் திரும்புவாள். பாதை மோசம். மழை நாளில் பஸ் பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடப்பாள். வந்ததும் கால் கழுவி, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவி, பதில்களைப் பதியும் டெப்பைச் சார்ஜில் போடுவாள். ஒரு வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் ஆகும்.

செப்டெம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து பிரதீஷ் என்பவர் அழைத்தார். ஆய்வு நிலையத்தில் இந்த எண்களை எல்லாம் கணக்குப் பார்த்து எழுதும் இளைஞர். பதுளை பசார் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராமாமிர்தம் குடும்பத்துப் பிள்ளைதான். ஜீவராணி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அந்த நானூத்திப் பதினேழாம் வீடு இருக்கே, நம்ம அறிக்கைக்கே அதுதான் ஹீரோ. மொதல் சுற்றுல அங்க கொழுந்து பறிக்கிற அம்மா ஒரு நாளைக்குப் பதிமூணு கிலோ. சம்பளம் பேங்குக்கு வர ஆரம்பிச்சதுக்கப்புறம் பத்தொன்பது கிலோ. வேலைக்குப் போற நாளும் கூடியிருக்கு. அந்தம்மாவுக்கு இப்ப அறுபத்திரண்டு வயசு. ஏழு நாட்டுலயும் இப்பிடி ஒரு புள்ளி இல்ல. அவங்களப் பத்தித் தனியா ஒரு பெட்டிச் செய்தி போடப் போறோம். ஒரு போட்டோவும் வேணும். பத்தாம் மாசம் நானே வாறேன்."

"சரிங்க சேர்."

"உங்க கடித வேலையும் நடக்குது அக்கா. மூணாம் சுற்று டேட்டா போய்ச் சேர்ந்தாச் சரி."

போனை வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மா, படுக்கைப் புண்ணுக்கு என்ன போடணும்?"

"யாருக்கு?"

"அதே வீட்டுல ஒரு அம்மா. பாரிசவாதம், ஒரு பக்கம் ஏலாது. உள்ள கெடக்காங்க. இந்தச் சுற்றுல, வீட்டுல சுகமில்லாதவங்களப் பாக்க எத்தனை மணித்தியாலம் செலவாகுதுன்னு புதுசா ஒரு கேள்வி இருக்கு. அதுக்காகத் திரையை விலக்கிக் காட்டினாங்க. கெட்ட மணம் வந்திருச்சு."

நான் பராமரிப்புப் பயிற்சி எடுத்து சைப்ரஸில் பதினொரு வருடம் வேலை செய்தவள். மணம் வந்துவிட்டதென்றால் அது போனில் கேட்டு மருந்து சொல்லும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துணி, உப்பு, கையுறை, ஒரு பழைய ஸ்பொஞ்ச் மெத்தைத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன்.

நானூற்றுப் பதினேழு என்பது ஆய்வுக்காக வைத்த எண். தோட்டத்தில் அது கீழ் லயத்து மூன்றாவது காம்பரா. முன்னால் அடுப்பு, பின்னால் ஒரு அறை, நடுவில் சேலைத் திரை. தயானி என்ற முப்பத்தாறு வயதுப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டாள். அவள் புருஷன் நிஷாந்த் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவானாம். உள்ளே கிடந்தவர் தயானியின் அம்மா.

புண் உள்ளங்கை அகலம், வால் எலும்பில். ஓரம் கறுத்திருந்தது. பவுடர் கொட்டி வைத்திருந்தார்கள். பவுடர் கூடாது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவினேன். தயானியைத் தோளிலும் ஜீவராணியை இடுப்பிலும் பிடிக்கச் சொல்லி ஒருக்களிக்க வைத்து, முழங்காலுக்கிடையில் தலையணை கொடுத்தேன். மெத்தைத் துண்டில் ஓட்டை வெட்டி அடியில் போட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்றேன்.

"பகல்ல நான் கொழுந்து மலையிலதானே இருப்பேன் அம்மா" என்றாள் தயானி.

"பக்கத்துக் காம்பராவில் யாராவது?"

"பகல் சாப்பாட்டுக்கு வரயில ஒருக்கா பொரட்டச் சொல்றேன்."

ஒருமுறை போதாது. இல்லாததைவிட மேல். டிஸ்பென்சரியில் காட்டுவதற்கு ஒரு தாளில் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "அம்மா பெயர்?" என்றேன்.

"மாரியாயி."

"வயது?"

"அறுபத்திரண்டு."

எழுதினேன். ஜீவராணி கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "ஒரு நாளைக்குப் பத்தொன்பது கிலோ பறிக்கிற அறுபத்திரண்டு வயது அம்மா யார்?"

"அவங்கதான்."

"எவங்க? அந்த மனுஷி மூன்று வருடமாக எழும்பி உட்காரவே இல்லை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் பசறையில் நின்று ஆள் ஏற்றும்போது சொன்னாள்.

"பறிக்கிறது தயானி. அம்மா பேருக்குப் போறா."

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். பதிவில் உள்ள பெயருக்குத்தான் வேலை, சம்பளம், சேமலாப நிதி எல்லாம். லயத்துக் காம்பராவும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் புதிதாக யாரையும் பதிவதில்லை. அதனால் பதிவில் உள்ள ஆள் விழுந்தால், வீட்டில் இன்னொருவர் அந்தப் பெயருக்குப் போவார். மாரியாயி என்று கூப்பிட்டால் தயானி குரல் கொடுப்பாள். பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது மலையில் ஆள். தெரியாதவர் தோட்ட முகாமையாளரான துரை ஒருவர்தான். அவருக்கும் தெரியாமல் இருக்காது, கேட்பதில்லை.

2019இல் முதல் சுற்றைச் செய்தது வேறொரு பெண். அவளுக்குப் பதில் சொன்னது மாரியாயியே. 2021இல் மாரியாயிக்குப் பாரிசவாதம் வந்தது. அடுத்த வாரமே தயானி அந்தப் பெயருக்குப் போனாள். 2022இல் இரண்டாம் சுற்றுக்கு ஜீவராணி போனாள். டெப்பில் பெயர்கள் முன்பே ஏற்றப்பட்டிருந்தன. மாரியாயி போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்று வாசித்தாள். இருபத்துமூன்று என்றாள் தயானி. தயானி எத்தனை நாள் என்று வாசித்தாள். போகவில்லை என்றாள் தயானி. முடிந்தால் சம்பளச் சீட்டோடு ஒப்பிடவும் என்று கேள்விக்கொத்தில் இருக்கிறது. ஒப்பிட்டாள். சீட்டில் மாரியாயி, இருபத்துமூன்று. எல்லாம் சரி.

"அப்போது உனக்குத் தெரியவில்லையா?" என்றேன்.

"தெரியும் பெரியம்மா. எதிர்ல நிக்கிறது தயானின்னு தெரியும். அது பிழைன்னு தோணல. நான் உயர்தரம் படிக்கயில லீவுக்கு எங்கம்மா பேருக்குப் போயிருக்கேன். பேரு கூப்பிட்டா நான் குரல் குடுப்பேன். யாரும் பொய்யின்னு சொல்லல. அம்மா பேரு வேலைக்குப் போச்சு, அவ்வளவுதான்."

"கொழும்பில் அப்படி நினைக்க மாட்டார்களே."

"ம்."

"பேங்கில் பணம் போட்டதால் கிழவிக்கு ஆறு கிலோ கூடிவிட்டது என்றல்லவா எழுதப்போகிறார்கள்."

"ஆமா."

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தோம். அவள் கேட்டாள், "சொல்லணுமா?"

"சொன்னால் கடிதம் கிடைக்குமா?"

"தெரியாது."

"கிடைக்காது என்றால் சொல்லாதே" என்றேன். நான் நினைத்ததைத்தான் சொன்னேன். ஒரு பெட்டிச் செய்தியால் யாருக்கும் புண் வரப்போவதில்லை. அவளுக்கு வயது போகிறது.

அடுத்த நாள் வழக்கம்போல ஐந்தரை பஸ்ஸில் போனாள். மீதி வீடுகளை முடித்தாள். வழக்கத்தில் எதையும் மாற்றவில்லை. எப்படி எழுதினாய் என்று நானும் கேட்கவில்லை.

ஒக்டோபர் நடுவில் பிரதீஷ் வந்தார். அன்று நான் மாரியாயிக்கு மருந்து கட்டப் போகும் நாள். அவருடைய வேனிலேயே போனேன். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை. வழி முழுக்க வளர்ச்சி வீதம், ரூபாயின் மதிப்பு, ஜகார்த்தாவில் வட்டி கூடினால் மடுல்சீமையில் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜீவராணி முன் ஆசனத்தில் இருந்து "ஆமாங்க சேர்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தயானிக்கு விஷயத்தை முதல் நாளே சொல்லியிருக்கிறாள். ஆனால் என்ன செய்வது என்று இருவரும் முடிவு செய்திருக்கவில்லை. நாங்கள் போனபோது தயானி வாசலில் நின்றாள். பக்கத்துக் காம்பராக்காரியும் நின்றாள். அறுபது வயது மதிக்கலாம். வெற்றிலை போட்ட வாய். பகலில் நோயாளியைப் புரட்டிவிடுபவள் அவள்தான்.

"வணக்கம். மாரியாயி அம்மா இருக்காங்களா?" என்றார் பிரதீஷ்.

தயானி ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி மதிலைப் பார்த்தாள்.

"நாந்தான் மாரியாயி. என்னா தம்பி வேணும்?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. பெயர் கூப்பிட்டதற்கு ஆளில்லாமல் நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உங்க கைய மட்டும் ஒரு போட்டோ எடுக்கணும் அம்மா. முகம் வராது. பேரும் போட மாட்டோம்."

"முகத்த எடுத்தாத்தான் என்னா, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அம்மா. சட்டம் அப்பிடி."

"அப்ப கழுவிட்டு வரவா, இப்பிடியே வேணுமா?"

"இப்பிடியே இருக்கட்டும்."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். விரல் வெடிப்பில் கொழுந்துக் கறை கறுப்பாக இருந்தது. பிரதீஷ் குனிந்தும் உட்கார்ந்தும் பத்துப் பன்னிரண்டு எடுத்தார். பின்னால் மலை தெரியும்படி ஒன்று. தயானி மூச்சு விட்டாள். நான் உள்ளே போய் உப்புத் தண்ணீர் வைத்தேன். வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்தார். படம் எடுக்கச் சம்மதம் என்று அந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார். அதை ஜீவராணியிடம் நீட்டினார்.

"இங்க நீங்க அக்கா. 'இவர் குடும்ப இலக்கம் 417, உறுப்பினர் 1 என்பதை நான் அறிவேன்'னு இருக்கு. கள அலுவலர் கையெழுத்து."

ஜீவராணி பேனையைத் திறந்தாள். படிவத்தை வாசித்தாள். அவள் எந்தத் தாளையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு மேல் எண்ணியிருப்பேன்.

"இவங்க இல்ல சேர்" என்றாள்.

"என்ன அக்கா?"

"உறுப்பினர் ஒண்ணு இவங்க இல்ல. இவங்க பக்கத்து வீடு. மாரியாயி உள்ள படுத்திருக்காங்க."

"நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்திச்சு. ஏம்மா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிரதீஷ் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். உள்ளே வந்தார். திரையை விலக்கினார். நான் மாரியாயியை ஒருக்களித்து வைத்திருந்தேன். புண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

"அப்ப பத்தொன்பது கிலோ?"

"தயானி."

"2022லயும்?"

"2022லயும் தயானிதான் சேர். அம்மா பேருக்குப் போனா."

தயானி அழவில்லை. பிரதீஷின் முன்னால் வந்து நின்றாள். "சேர், தொரைக்குச் சொல்லிராதீங்க. பேர வெட்டிட்டா காம்பராவும் போயிரும். அம்மாவ வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"யாருக்கும் சொல்ல மாட்டோம் அக்கா. வீட்டு விபரம் எதையும் வெளிய குடுக்க ஏலாது. அது எங்க விதி. சத்தியமாச் சொல்லமாட்டோம்." அதை அவர் காப்பாற்றினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். தயானி இன்றும் அந்தப் பெயருக்குத்தான் போகிறாள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். நல்ல களிசான். படி ஈரம். அதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, இது ஒரு வீடுதானா?"

ஜீவராணி டெப்பைத் திறக்கவில்லை. மேல் லயத்திலிருந்து ஒவ்வொரு வீடாக விரல் மடித்து எண்ணினாள். அம்மா பேருக்கு மகள், மாமியார் பேருக்கு மருமகள், ஒரு வீட்டில் செத்துப்போன அக்கா பேருக்குத் தங்கை.

"இருபத்திரண்டு" என்றாள்.

"அறுபதுல?"

"அறுபதுல."

"எங்கிட்ட ஏன் முந்தியே சொல்லல?"

"கேள்விக்கொத்துல அது இல்ல சேர்."

பிரதீஷ் வெகுநேரம் போனில் எதையோ பார்த்தார். பிறகு எழுந்து, எடுத்த படங்களை அழித்தார். அந்த அம்மாவிடம், "மன்னிச்சிக்கங்க அம்மா" என்றார்.

"அதனால என்னா. அடுத்த வாட்டி முகத்த எடுங்க" என்றாள் அவள்.

பதுளையில் இறங்கும்போது பிரதீஷ், "நான் சொல்லிப் பாக்குறேன் அக்கா" என்றார். அவர் உண்மையாகவே சொல்லிப் பார்த்திருப்பார்.

நவம்பரில் நிலையத்தின் பெரிய அம்மையார் ஒருவர் தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் பேசினார். ஒவ்வொரு வீடாகக் கேட்டார். கத்தவில்லை. ஜீவராணி உள்ளதைச் சொன்னாள். அறுபது வீட்டையும் மறுபடி போய்ப் பெயர் வேறு, ஆள் வேறு என்று பிரித்து எழுதித் தருகிறேன், பஸ் காசு மட்டும் போதும் என்றாள். அவள் ஒன்றைக் கேட்டுக் கெஞ்சியதை நான் அறிந்தது அந்த ஒரு முறைதான். கெஞ்சல் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே குரலில் இரண்டு தடவை சொன்னாள். பழைய சுற்றுகளைத் திருத்த முடியாது, ஏழு நாட்டுக்கும் திகதி ஒன்றுதான், நேரமில்லை என்றார் அந்த அம்மையார்.

கடிதம் ஜனவரியில் வந்தது. நல்ல தாள், நிலையத்தின் முத்திரையோடு. ஊவாவின் தோட்டப்பகுதித் தரவுகள் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதால் அறிக்கையிலிருந்து நீக்கப்படுகின்றன. அப்பகுதியில் இனிச் சுற்று நடைபெறாது. ஆகவே மாகாண மேற்பார்வையாளர் பதவிக்கான தேவை எழவில்லை. இதுவரை ஆற்றிய நேர்மையான சேவைக்கு நன்றி. டெப்பை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவும்.

பாண் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். நான் வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன். "சம்பல் இன்னும் இருக்கு" என்றேன். போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டெப்பைத் துடைத்து, சார்ஜரைச் சுற்றி, பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பினாள். பெப்ரவரியிலிருந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன், போட்டோகொப்பி வேலை செய்யும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு நலன்புரி விண்ணப்பம், கடவுச்சீட்டு விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறாள். நாள் சம்பளம். வாடகையை நான் குறைத்தேன். அவள் குறைக்காமலே தருகிறாள்.

ஏப்ரலில் அறிக்கை வெளியானது. நூற்றைம்பது பக்கம் ஆங்கிலத்தில், நாலு பக்கச் சுருக்கம் தமிழில். பிரதீஷ் தபாலில் அனுப்பியிருந்தார். பெட்டிச் செய்தியில் வேறொரு நாட்டில் மீன் விற்கும் பெண்ணின் கைகள் இருந்தன. தமிழ்ச் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை. மாகாணம் மாகாணமாக வருமானம் எவ்வளவு வளர்ந்தது என்று எண்கள். ஊவா, தோட்டம் என்ற வரிசையில் ஒரு சிறிய கோடு மட்டும் இருந்தது.

"பூச்சியமா?" என்றேன்.

"இல்ல பெரியம்மா. பூச்சியம்னா பூச்சியம்னே போடுவாங்க. கூடவும் இல்ல குறையவும் இல்லேன்னு அர்த்தம். கோடு போட்டா, தெரியாதுன்னு அர்த்தம்."

"பன்னிரண்டு வருடம் கேட்டாயே?"

"இதுல ரெண்டு சுற்றுத்தான் நான்" என்றாள். சரியாகச் சொல்ல வேண்டும் அவளுக்கு. தாள்களை அலுமாரிக்குள் வைத்தாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து கட்டப் போனோம். அவள் இப்போது போகவேண்டியதில்லை. இடுப்பைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும், வருகிறாள். புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி இரண்டு தடவை புரட்டுகிறாளாம். தயானி தேயிலைச் சாயத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், புஸ்தகம் வந்திருச்சாமே. எங்க வீட்ட எப்பிடிப் போட்டிருக்காங்க?"

"போடல."

"எங்க வீட்ட மட்டுமா?"

"அறுபதையும் எடுத்திட்டாங்க. இனிச் சுற்று வராது."

தயானி கோப்பையை அவள் கையில் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சு மிஸ்" என்றாள். "ஒங்களுக்கு வெசனமா இருக்கும், குறை நெனைக்காதீங்க. ஒங்க கேள்விக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் குந்திக்கிட்டு இருந்தா அரைப் பேரு போயிரும்."

அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றாள் ஜீவராணி.

"ஒவ்வொரு தடவையும்தான். நீங்க கேக்கலியே."

ஜீவராணி சாயத்தைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உள்ளே வந்து, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.